காய்ச்சல் இல்லாத நாளில் டாக்டரிடம் என்ன வேலை?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

கணவர் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள், இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு. 15 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம். மகனுக்கு 17, பிளஸ் டூ. மகளைக் கடைசியாக டாக்டரிடம் காட்டியது இரண்டு வருடம் முன்பு, டெங்குவுக்காக. மகனை எப்போது காட்டினோம் என்றே நினைவில்லை என்கிறார். போன மாதம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8 என்று எழுதி ஒரு சீட்டு கொடுத்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே டாக்டர் பாதியில், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மகளிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசியிருக்கிறார். ஆண் டாக்டர். அது இன்னும் அவர் மனதை உறுத்துகிறது.

வீட்டில் மாமியார், "நல்லாத்தான கீது புள்ள, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி இல்லாத நோவ வாங்கினு வரப்போறியா?" என்கிறார். எதிர்வீட்டுக்காரரோ, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுல் பாடி செக்கப் எடுக்க வேண்டும் என்று சொல்லி, 999 ரூபாய்க்கு 72 டெஸ்ட் என்ற லேப் நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார். மகன் ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் மூச்சு இரைக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் அவனே பஃப் (வாயில் அடித்து உள்ளிழுக்கும் இன்ஹேலர்) வாங்கி அடித்துக்கொள்கிறான். டாக்டரிடம் வரச் சொன்னால் வருவதில்லை. "எத்தனை தடவைதான் கூட்டிப் போவது? என்னை வெளியே அனுப்பியது முறையா? என்ன பேசினார்கள் என்று மகளிடம் கேட்கலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 21 வயது வரை ஆண்டுதோறும் ஒரு சந்திப்பு வேண்டும் என்கிறது. நம் ஊருக்கும் அதுவே பொருத்தமான அளவு என்பது என் கருத்து. உங்கள் மாமியார் சொல்லும் பூஜ்யமும் தவறு, எதிர்வீட்டுக்காரர் சொல்லும் நான்கும் தவறு.

இரண்டு வருடம் போகாமல் இருந்ததற்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து ஐந்தாறு வயது வரை தடுப்பூசி அட்டை உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், ஒன்பது மாதம் என்று தேதி இருந்தது, நர்ஸம்மா கேட்டார். அதன் பிறகு அரசு அட்டவணையில் இருப்பது 10 வயதில் ஒரு ஊசி, 16 வயதில் ஒரு ஊசி. பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் 12 வயதோடு குழந்தைகள் பிரிவு முடிகிறது. 13 வயதுப் பையன் பெரியவர்களுடைய பொது மருத்துவ ஓபியில், பிரஷர்காரர்களுக்கும் சுகர்காரர்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். அங்கே போகக் கூச்சப்படுகிறான், அம்மாவும் வற்புறுத்துவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. அதே வீட்டில் இருக்கும் 15 வயதுப் பெண்ணுக்குக் கதவைத் தட்டுபவர் யாரும் இல்லை.

ஓர் ஏற்பாடு மட்டும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய திட்டத்தின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவக் குழு வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்கிறது. உங்கள் மகளின் 9.8-ஐக் கண்டுபிடித்தது அந்தக் குழுதான். ஆனால் அவர்கள் செய்வது சலித்தெடுக்கும் வேலை. ஒரு வகுப்பை வேகமாக முடித்தாக வேண்டும். அவர்கள் தந்த சீட்டைக் கொண்டு அரசு மருத்துவமனையில் மேல் சிகிச்சை இலவசமாகப் பெறலாம். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் போனதை இந்த ஒரு முறைக் கணக்கில் சேர்க்க முடியாது. காய்ச்சல் பிள்ளையின் உயரத்தை யாரும் அளப்பதில்லை; மாதவிலக்கு சரியாக வருகிறதா, தூங்குகிறாளா என்று கேட்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் நின்று கேட்டு வாங்கியதையும் சேர்க்கக் கூடாது.

அந்த ஒரு முறையில் என்ன பார்க்க வேண்டும்

பெரும்பாலானவை காசு கேட்காதவை. செருப்பைக் கழற்றி உயரம், எடை. இவை இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் பிஎம்ஐ எண்ணை, இந்தியக் குழந்தைகளுக்கென்று 2015-ல் இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி வெளியிட்ட வரைபடத்தில் வயதுக்கு நேராகக் குறித்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் சொல்லும் எண்ணை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்தினால் தவறாகிவிடும். அடுத்தது ரத்த அழுத்தம். 13 வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்த்தும் 130/80 அல்லது அதற்கு மேலே நின்றால் அது உயர் ரத்த அழுத்தம். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும். பருமனான பிள்ளைக்குப் பெரிய பட்டை போடச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பிறகு கண் (ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி எழுத்து படிக்க வைப்பது), பல், முதுகெலும்பு வளைவு, பருவ வளர்ச்சி. கழுத்தின் பின்பக்கத்தையும் டாக்டர் பார்ப்பார். அங்கே வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால், பல தாய்மார்கள் அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். எடையையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டிய நேரம் அது.

பெண் பிள்ளையிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பார்கள். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் எப்போது வந்தாலும் கவலை இல்லை. 90 நாள் தாண்டியும் வராமல் இருப்பது, 15 வயதாகியும் வயதுக்கு வராமல் இருப்பது, இவை இரண்டும் டாக்டர் பார்க்க வேண்டியவை. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துவிடுகிறதா, பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். 9.8-க்குக் காரணம் சாப்பாட்டில் இல்லாமல் இங்கே இருக்கக்கூடும்.

ரத்தப் பரிசோதனை என்று பார்த்தால், இந்த வயதில் எல்லோருக்கும் பயனுள்ளது ஹீமோகுளோபின் ஒன்றுதான். மற்றவை பிள்ளையைப் பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

அந்த 999 ரூபாய் நோட்டீஸ்

வேண்டாம். பணம் வீண் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. லேபில் 'நார்மல்' என்று அச்சடிக்கும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் 100 பேரில் 95 பேர் அடங்கும்படி வகுக்கப்படுவது. ஒன்றையொன்று சாராத 20 டெஸ்டை எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு எடுத்தால், ஒன்றாவது எல்லைக்கு வெளியே போக 64 சதவீத வாய்ப்பு. 72 டெஸ்ட் எடுத்தால் சிவப்பு எழுத்து இல்லாமல் ரிப்போர்ட் வருவதுதான் அதிசயம்.

வளரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. லிவர் டெஸ்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்று ஒரு வரி இருக்கும். எலும்பு வேகமாக வளரும் வயதில் அது பெரியவர்களுக்கு உள்ளதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருப்பது இயல்பு. சில லேப்கள் பெரியவர்களுக்கான எல்லையையே பக்கத்தில் அச்சிட்டுவிடுகின்றன. உடனே மஞ்சள் காமாலையோ என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, பரீட்சை நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்தி... எலும்பு வளர்ந்த குற்றத்துக்கு இவ்வளவும்.

ஹீமோகுளோபின் 9.8

மகளுடைய வயதில் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-லிருந்து 10.9 வரை நடுத்தர அளவு. பதற வேண்டியதில்லை, தள்ளிப் போடவும் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே பக்கத்து பெஞ்சு பிள்ளைக்கும் இருக்கலாம்.

"பள்ளியில் வாரா வாரம் நீல மாத்திரை போடுகிறாள், பிறகும் எப்படிக் குறைந்தது?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார மாத்திரை ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. வந்துவிட்டதைக் குணப்படுத்த அது போதாது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தேசிய வழிகாட்டுதலின்படி மகளின் அளவுக்குச் சிகிச்சை, இப்படிப்பட்ட மாத்திரை இரண்டு, தினமும், சாப்பாட்டுக்குப் பின், மூன்று மாதம். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடந்த ஆறு மாதத்தில் பூச்சி மாத்திரை போடவில்லை என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்றும் கொடுப்பார்கள்.

பெரும்பாலோர் தோற்பது மாத்திரை போடும் முறையில். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. பாலுடனும் கால்சியம் மாத்திரையுடனும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சை ஜூஸ், கொய்யா, நெல்லிக்காய் சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்துப் பாருங்கள். பத்து நாளில் முகம் தெளிந்ததும் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உடம்பில் இரும்பின் கையிருப்பு நிறைய மூன்று மாதம் ஆகும்.

மாதம் ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். முதல் மாத முடிவில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும், அதாவது 10.8. ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது ரத்தம் எங்கோ போகிறது, அல்லது தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) போன்ற வேறு காரணம். அப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உங்கள் பகுதிக்கு அது ஸ்டான்லி.

பீட்ரூட்டும் பேரீச்சையும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். பீட்ரூட்டில் இருப்பது நிறம். நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். உங்கள் மாமியாரிடம் சுவரொட்டி பற்றிக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்து தருவார். ஆட்டு மண்ணீரலில் இரும்பு உண்மையிலேயே அதிகம், உடம்பும் எளிதாக எடுத்துக்கொள்ளும். மாத்திரையோடு சேர்த்து வாரம் இரண்டு முறை அதுவோ ஈரலோ கொடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். அவள் பச்சரிசியோ பல்பமோ ஐஸ் கட்டியோ மெல்கிறாளா என்றும் கவனியுங்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று திட்ட வேண்டாம். இரும்புக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

உங்களை வெளியே உட்காரச் சொன்னது

அது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான். வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் டாக்டர் சிறிது நேரம் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது அந்தத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. வீடு, படிப்பு, சாப்பாடு, பொழுதுபோக்கு, புகையிலை, போதை, காதல், உடல் உறவு, மனச்சோர்வு, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று ஒரு வரிசையில் கேட்பார்கள். எளிய கேள்வியிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை அது. நல்ல அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்பதாலேயே பிள்ளை இவற்றில் பாதிக்கு "இல்லை" என்று தலையாட்டும். உங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்ற அன்பில் சொல்லும் பொய் அது.

ஆனாலும் அந்த டாக்டர் ஓர் இடத்தில் தவறியிருக்கிறார். வெளியே அனுப்பும் முன், தனியாகப் பேசப்போவது எதற்காக, எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று உங்கள் இருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். எல்லைகள் இவை: பிள்ளை தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் யாராவது பாலியல் குற்றம் செய்ததாகத் தெரிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிப்பது டாக்டரின் சட்டக் கடமை. தெரிவிக்காவிட்டால் அவருக்கே தண்டனை. மற்றவற்றை, பிள்ளையின் விருப்பம் கேட்டுத்தான் உங்களிடம் சொல்வார். 18 வயது வரை சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பத்து நிமிடத்தால் உங்கள் உரிமை எதுவும் போய்விடவில்லை.

ஆண் டாக்டர் என்ற உங்கள் சங்கடம் நியாயமானது. பேச்சு வேறு, உடல் பரிசோதனை வேறு என்று பிரித்துப் பாருங்கள். பேச்சு தனியாக நடக்கலாம். உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது நீங்களோ ஒரு நர்ஸோ அறைக்குள் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று மகள் சொன்னால் அதற்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

மகளிடம் கேட்கலாமா? "என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன?" என்ற விசாரணை வேண்டாம். அப்படிக் கேட்டால் அடுத்த முறை டாக்டரிடமும் பேசமாட்டாள். "தனியா பேசினது உனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லையே?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். கஷ்டமாக இருந்தது என்றாலோ, டாக்டர் தொட்ட விதமோ கேட்ட விதமோ சரியில்லை என்றாலோ, அவள் சொல்வதை நம்புங்கள். வேறு டாக்டரிடம் போங்கள். தவறான தொடுதல் என்று தோன்றினால் 1098-ஐ அழையுங்கள்.

மகன் விஷயம்

கடிதத்தில் அவனுக்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இருவரில் எனக்கு அதிகக் கவலை அவன்மேல்தான். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கை முன்னிட்டாவது ஒரு நாள் டாக்டர் வாசல் மிதிக்க நேரும். பையன்கள் 15 தாண்டினால் அடிபட்டால்தான் வருகிறார்கள்.

அவன் வாங்கும் பஃப் நீல நிறம் என்கிறீர்கள். அநேகமாக ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புடமால். அது சுருங்கிய மூச்சுக்குழாயை நான்கைந்து மணி நேரம் விரித்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. 12 வயதுக்கு மேல் ஆஸ்துமாவுக்கு சால்புடமாலை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் சொல்லி வருகிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பஃப் தேவைப்படுகிறதா, இரவில் இருமி எழுகிறானா, 200 டோஸ் குப்பியை வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தீர்க்கிறானா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. திடீரென்று கடுமையாகத் தாக்கும் அபாயம் இருக்கிறது. அவனுக்குத் தேவை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த இன்ஹேலர். ஸ்டீராய்டு என்று பயப்படுவீர்கள். அதன் அளவு மைக்ரோகிராமில். நேரே நுரையீரலுக்குப் போகிறது. அடித்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

அடிக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு முறை அழுத்தி, மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயுடன் அடித்தால் மருந்து தொண்டையில் ஒட்டாமல் உள்ளே போகும். நீங்கள் இருப்பது மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் காற்று வரும் பகுதி. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அதிகம் தவிக்கக்கூடியவர்கள் இப்படிப்பட்ட மூச்சுக்குழாய் உள்ளவர்கள். மருந்து இல்லாமலோ தீர்ந்துபோன குப்பியுடனோ அப்படி ஓர் இரவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ 108.

ஆடும்போது மூச்சு இரைப்பது ஒன்று. ஓடும்போதே மயங்கி விழுவதோ நெஞ்சு வலிப்பதோ வேறு. அப்படி நடந்தாலோ, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ, இதயத்தைப் பரிசோதிக்காமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

மெடிக்கல் ஷாப் பற்றி இன்னொரு வார்த்தை. வியர்வையில் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தால் பையன்கள் அங்கே கேட்டு ஒரு டியூப் வாங்குவார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். முகப்பருவுக்கும் நிறத்துக்கும் மகள் தடவும் கிரீமின் டியூபையும் ஒரு முறை திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் தொடர வேண்டாம்.

அவனை வரவைப்பது எப்படி? "செக்கப்" என்றால் வரமாட்டான். "ஆட்டத்துல ரெண்டாவது பாதியும் ஓடணும்னா நல்ல பஃப் வேணும், வா" என்று சொல்லிப் பாருங்கள். ஓபி சீட்டு வாங்கும் வரை கூட இருந்துவிட்டு, நீங்களாகவே வெளியே உட்காருங்கள். உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம், வலி மாத்திரை, தூக்கம், பரீட்சைப் பயம் எல்லாவற்றையும் உள்ளே டாக்டர் கேட்பார். 16 வயது ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். தவறியிருந்தால் இப்போது போடலாம். அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்த ஊசி. அதைப் போட்டுக்கொண்டவன் மைதானத்தில் சிராய்க்கும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டியதில்லை. அழுக்கான காயமென்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் மட்டுமே மறுபடி.

பிளஸ் டூ வருடம் என்பதால் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, நண்பர்களையும் ஆட்டத்தையும் விட்டு ஒதுங்கினால், அல்லது "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல் பேசினால், ஆண்டுச் சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104 இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். அவன் கூப்பிட மறுத்தால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

எங்கே போவது

ஆண்டுச் சந்திப்புக்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. உங்கள் வார்டுக்குரிய மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். காலைக் கூட்டம் சற்று வடிந்த பிறகு, பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து போங்கள்; மே மாத விடுமுறை வசதி. தடுப்பூசி அட்டை, பள்ளிச் சீட்டு, மகனின் பஃப், வீட்டில் இருக்கும் டியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "காய்ச்சல் இல்லை, ஆண்டுப் பரிசோதனைக்கு வந்திருக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வழக்கம்போல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பல்லுக்குக் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. கணவரின் ஈஎஸ்ஐ அட்டையில் பிள்ளைகள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். மகனுக்குத் தொடர்ந்து இன்ஹேலர் வேண்டும் என்பதால் இது உங்களுக்குப் பெரிய உதவி. அயனாவரத்தில் ஈஎஸ்ஐ மருத்துவமனையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி இதற்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது.

ஆண்டுக்கு ஒன்று என்பது ஆரோக்கியமான பிள்ளைக்கு. உங்கள் மகளுக்கு அடுத்த மூன்று மாதமும் மாதந்தோறும் ஒரு முறை. மகனுக்கு ஆஸ்துமா அடங்கும் வரை ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைதல், அடிக்கடி தாகமும் சிறுநீரும், இவற்றில் எது வந்தாலும் உடனே போங்கள். இரண்டு வார இருமலுக்குச் சளிப் பரிசோதனை இலவசம்.

கடைசியாக, தேதி பார்க்க வேண்டிய ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசியை 15 வயது நிறையும் முன் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். 15-க்குப் பிறகு தொடங்கினால் மூன்று டோஸ் என்பது வழக்கமான அட்டவணை. ஒரே டோஸும் நல்ல பாதுகாப்பு தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் போடுவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் 14. ஆகவே மே மாதத்துக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனியாரில் இந்தியத் தயாரிப்பு 2023-ல் வந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய். ஹீமோகுளோபின் 9.8 இருப்பது இந்த ஊசிக்குத் தடை இல்லை. காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள், போட்ட பின் 15 நிமிடம் உட்கார வையுங்கள். இந்த வயதில் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுவார்கள். இரண்டாவது டோஸ் உண்டு என்று சொன்னால் அதன் தேதியைப் பழைய தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.